பூசி மறைக்கும் முன் பாருங்கள்: பள்ளிக் கட்டடங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பள்ளிக் கட்டடங்களின் தரம், வடிவமைப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பையனை ஒரு புதுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, எல்லா வகுப்பிலும் ஏ.சி., தரை பளபளவென்று இருக்கிறது. என் மாமனார் மட்டும் "கட்டடம் உறுதியா இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். அதை நாங்கள் எப்படிப் பார்ப்பது?
– ஒரு தாய், மேடவாக்கம்

உங்கள் மாமனார் கேட்டதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. முன்பக்கக் கண்ணாடியும் கிரானைட்டும் வேலையின் கடைசிக் கட்டத்தில் ஒட்டப்படுபவை, கட்டடத்தின் பலத்தைப் பற்றி அவை எதையும் சொல்லாது. பலம் என்பது அதற்கு எத்தனையோ மாதம் முன்பே கான்கிரீட்டுக்குள் போய் மூடப்பட்டுவிட்ட விஷயம். அதை நீங்கள் நேரில் பார்க்க முடியாது என்பதால் முதலில் காகிதத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி நடக்க வேண்டுமானால் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் வேண்டும். இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல் தேதியைப் பாருங்கள், ஏனென்றால் இவை எல்லாமே காலாவதி ஆகும், புதுப்பிக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பிள்ளையை நாள் முழுக்க அந்தக் கூரைக்குக் கீழே விட்டுவிட்டு வரப் போகிறீர்கள்.

அப்புறம் கட்டடத்தை நீங்களாகவே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வரவேற்பறையோடு அனுப்பிவிடப் பார்ப்பார்கள், நீங்கள் மேல் மாடிக் கழிப்பறை எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கு நேர் கீழே இருக்கும் அறையின் கூரையைப் பாருங்கள். ஈரத் திட்டோ, உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படலமோ, உரிந்த பெயின்டோ இருந்தால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம், புதுக் கட்டடத்திலேயே அப்படி என்றால் பத்து வருடத்தில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் ஏறிப் பாருங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு பள்ளிப் படிக்கட்டுக்கு 1.5 மீட்டர் அகலம் கேட்கிறது, படியின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் பலகை 300 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு சாதாரண இஞ்ச் டேப் போதும். மாடி வராந்தாவின் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, அதில் குழந்தை கால் வைத்து ஏறுகிற மாதிரி குறுக்குக் கம்பி இருந்தால் எனக்குப் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்கக் கூடாது.

ஏ.சி. பற்றி ஒரு விஷயம். வீட்டில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர வைத்துச் சுற்றி விடுகிறது. நாற்பது பிள்ளைகள் ஜன்னலை அடைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் காற்று கனத்துவிடும், கொட்டாவி வரும், தலை வலிக்கும், ஒருவருக்குச் சளி என்றால் வரிசையாக எல்லோருக்கும் வரும். அதனால் ஜன்னல் திறக்குமா, திறக்கிறார்களா, கரண்ட் போனால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். திறக்கவே முடியாத கண்ணாடிச் சுவர் உள்ள வகுப்பறையில் நான் என் குழந்தையைச் சேர்க்க மாட்டேன்.

கேள்வி: நான் படித்து, பிறகு வேலையும் பார்த்த பள்ளியில் என் அப்பா காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு கட்டிய கான்கிரீட் கட்டடத்தில் கூரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. இத்தனை சிமென்ட், கம்பி போட்டும் ஏன் இப்படி?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டம்

ஐயா, நீங்கள் சொல்லும் பழைய கட்டடம் அநேகமாகச் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய கனமான செங்கல் சுவரும், மேலே தேக்கு உத்திரம் போட்டுச் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையுமாக இருக்கும். அதில் துருப்பிடிக்க இரும்பே கிடையாது, அல்லது மிகக் குறைவு. புதுக் கட்டடத்தில் பாரத்தைத் தாங்குவதில் பாதி வேலை கம்பியுடையது. அந்தக் கம்பியைத் துருவிலிருந்து காப்பது சிமென்ட்டின் காரத்தன்மை. காற்றும் ஈரமும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிட்டால், அல்லது உங்கள் ஊர் மாதிரி கடல் காற்றில் வரும் உப்பு கம்பி வரை போய்விட்டால், துரு ஆரம்பித்துவிடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவை. உள்ளே இடம் ஏது? அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது, ஒரு நாள் பாளமாக விழுகிறது.

ஆக, கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எவ்வளவு கனத்தில் கான்கிரீட் இருக்கிறது, அது எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, இந்த இரண்டில்தான் கட்டடத்தின் ஆயுள் இருக்கிறது. நம் நாட்டுத் தரவிதி ஐ.எஸ். 456 சாதாரண இடத்தில் தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், கேட்கிறது, ஈரம் அதிகமானால் 30, கடலோரத்தில் கடல் காற்று நேராகப் படும் இடத்தில் 45. இதைக் காப்பாற்றுவது கவர் பிளாக் என்கிற சின்னச் சிமென்ட் கட்டி. சென்ட்ரிங் பலகை மேல் கம்பி கட்டி முடித்ததும் அதற்கு அடியில் இந்தக் கட்டியைச் செருகி, கம்பியோடு கட்டுக்கம்பியால் கட்டிவிட வேண்டும். விலை ஒன்றுமே இல்லை. ஆனால் எத்தனையோ இடங்களில் கைக்குக் கிடைத்த ஜல்லியை அடியில் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். கான்கிரீட் சட்டியோடு ஆட்கள் மேலே நடக்க நடக்க ஜல்லி நழுவும், கம்பி பலகையிலேயே போய்ப் படுத்துக்கொள்ளும். சென்ட்ரிங் பிரித்ததும் கூரையின் அடியில் கம்பி கோடு கோடாகத் தெரியும். கொத்தனார் வந்து அரை இஞ்ச் பூச்சு பூசுவார். முடிந்தது, இனி யாருக்கும் தெரியாது, பதினைந்து வருடம் கழித்து அது விழுகிற வரைக்கும்.

இரண்டாவது தண்ணீர். கலவையில் குறைவாக ஊற்ற வேண்டியதை அதிகமாக ஊற்றுகிறார்கள், காய்ந்த பிறகு அதிகமாக ஊற்ற வேண்டியதைக் குறைவாக ஊற்றுகிறார்கள். ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 25 முதல் 30 லிட்டருக்குள் முடிய வேண்டும், கலவை எளிதாக ஓட வேண்டும் என்று வாளி வாளியாகச் சேர்த்தால் அந்த அதிகத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் உள்ளே நுண்துளையாக நின்றுவிடும். ஊற்றி முடித்த தளத்தைப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, பில்லரைச் சாக்கு சுற்றி நனைத்து, இப்போது எல்லோரும் வாங்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரமாக வைக்க வேண்டும். தூத்துக்குடி வெயிலில் ஒரு நாள் விட்டாலும் மேல்பரப்பு வெடித்துவிடும்.

மூன்றாவது, மொட்டை மாடி. மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பிலை அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்றால் எவ்வளவு நல்ல தளமும் தாங்காது. மழைக்கு முன் ஒரு ஆளை ஏற்றிக் கூட்டச் சொல்லுங்கள், இதைவிட மலிவான பராமரிப்பு கிடையாது.

ஆனால் பழையது எல்லாமே நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. அந்தக் காலத்தில் மோசமாகக் கட்டியவை எப்போதோ விழுந்துவிட்டன, நின்றவற்றைத்தான் நாம் பார்க்கிறோம். உங்கள் பள்ளியின் சுண்ணாம்புக் கட்டடத்திலும் உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் கரையான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்பி தெரியும் கட்டடத்தை எக்காரணம் கொண்டும் மேலே பூசி மறைக்க விடாதீர்கள். பெயர்ந்ததைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பொறியாளர் அளந்து பார்த்த பிறகுதான் பழுது பார்ப்பதா இடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் அதற்குள் உட்காரக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இரண்டு வகுப்பறை கட்டுகிறார்கள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஏதாவது கேட்டால் கான்ட்ராக்டர் "உனக்கு என்னம்மா தெரியும்" என்கிறார். நாங்கள் என்ன செய்ய முடியும்?
– மேலாண்மைக் குழு உறுப்பினர், விழுப்புரம் மாவட்டம்

நிறையச் செய்யலாம், அதுவும் இப்போதே செய்யலாம், பூசி முடித்த பிறகு முடியாது.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2016 ஜனவரி 29ஆம் தேதி விடியற்காலை அடித்த புயலில் ஆக்ஸ்கேங்ஸ் என்ற ஆரம்பப் பள்ளியின் வெளிச்சுவர் ஒன்று சரிந்து விழுந்தது, சுமார் 9 டன் கல். அது பழைய கட்டடம் இல்லை, கட்டிப் பத்துப் பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது. தோண்டிப் பார்த்தால் இரட்டைச் சுவரின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இணைக்கும் இரும்புப் பிடிகள் காரைக்குள் போதுமான ஆழம் போகவே இல்லை. அதே ஒப்பந்தத்தில் கட்டிய மற்றப் பள்ளிகளையும் சோதித்து, ஏப்ரல் மாதம் 17 பள்ளிகளை மூடினார்கள். பேராசிரியர் ஜான் கோல் தலைமையில் விசாரணை நடந்து 2017இல் அறிக்கை வந்தது. பணப் பற்றாக்குறை அல்ல, சுவரை மூடும் முன் நின்று பார்க்கத் தனியாக ஒரு ஆள் இல்லாததுதான் பெரிய குறை என்று அதில் தெளிவாகத் தெரிகிறது. கட்டியவர்களே தங்கள் வேலை சரி என்று சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைகள் வரும் முன் விழுந்ததால் உயிர்கள் தப்பின.

பணக்கார நாட்டிலேயே இந்த நிலைமை. இங்கே பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய், 18,000 வகுப்பறைகள் என்று அறிவித்து வேலை தொடங்கினார்கள், நல்ல விஷயம், மிகவும் தேவையான விஷயம். அத்தனை கட்டடத்துக்கும் ஒவ்வொரு நாளும் பொறியாளர் வந்து நிற்க முடியாது. ஊரில் இருக்கும் நீங்கள் நிற்கலாம்.

என்ன பார்ப்பது? தளம் போடும் நாளைத் தலைமையாசிரியர் மூலம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், முந்தைய நாள் மாலையே போய்க் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், போனில் படம் எடுங்கள், நாலாபக்கமும். கான்கிரீட் போடும்போது அதை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடுகிறதா, கலவையில் யாராவது கணக்கில்லாமல் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று கவனியுங்கள். 150 மில்லிமீட்டர் சதுர இரும்பு அச்சில் கான்கிரீட்டை எடுத்துக் கட்டியாக்குவார்கள், கியூப் என்பார்கள். ஒரு வகுப்பறைத் தளத்துக்குக் குறைந்தது ஒரு செட், அதாவது மூன்று கியூப், அதே கலவையிலிருந்து உங்கள் கண் முன்னால் எடுக்க வேண்டும், 28 நாள் கழித்து ஆய்வகத்தில் உடைத்துப் பார்த்த முடிவைக் கேளுங்கள். தேதி எழுதிய கியூப்தான் ஆய்வகத்துக்குப் போகிறதா என்பதும் முக்கியம். அதற்குப் பிறகு தினமும் யாராவது ஒரு அம்மா பிள்ளையை விட வரும்போது தளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

"உனக்கு என்ன தெரியும்" என்றால் சண்டை போட வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கோப்பைக் கேட்க மட்டுமல்ல, அரசு வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. மதிப்பீடு, வரைபடம், கியூப் சோதனை முடிவு மூன்றையும் கேளுங்கள். குழுக் கூட்டத் தீர்மானமாகவும் எழுதி வைத்துவிடுங்கள், தேதியோடு.

கேள்வி: இங்கிலாந்தில் ஏதோ "ஏரேட்டட் கான்கிரீட்" காரணமாகப் பள்ளிகளை மூடினார்கள் என்று படித்தேன். எங்கள் பள்ளிச் சுவர் ஏ.ஏ.சி. பிளாக்கில், அதாவது ஏரேட்டட் கான்கிரீட் கல்லில், கட்டியது. பயப்பட வேண்டுமா?
– வாசகர், கோவை

வேண்டாம். 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கும் நேரத்தில், அங்கே நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னது, காற்றுக் குமிழிகள் நிறைந்த அந்த லேசான கான்கிரீட்டில் கம்பி வைத்துக் கூரைப் பலகையாகப் பல பத்தாண்டுகளுக்கு முன் போட்டதால். தண்ணீர் இறங்கிய பலகை முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். உங்கள் பள்ளியில் பாரத்தைத் தாங்குவது பில்லரும் பீமும், பிளாக் நடுவில் அடைப்புச் சுவர் மட்டும்தான். அந்தச் சுவர் பில்லரோடு சரியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறதா, சந்திப்பில் மேலிருந்து கீழாக நேர் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: மேல் மாடி வகுப்பில் மத்தியானம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் சுருண்டு விடுகிறார்கள். ஃபேன் அனல் காற்றைத்தான் வீசுகிறது. புதுக் கட்டடம்தான். ஏ.சி.க்குப் பணம் இல்லை.
– ஆசிரியை, வேலூர்

ஏ.சி. இல்லாமலேயே நிறையக் குறைக்கலாம். உங்கள் மொட்டை மாடித் தளம் நாள் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு மத்தியானம் அதைக் கீழே விடுகிறது. மேலே வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு அடிப்பது, அல்லது செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு (தட்டையான ஓடு) பதிப்பது, இரண்டில் ஒன்று உடனே பலன் தரும். மேற்குப் பக்க ஜன்னலுக்குச் சன்ஷேட் போதாது, சாயங்கால வெயில் படுக்கையாக உள்ளே வரும், அதற்கு மூங்கில் தட்டியோ மரமோ வேண்டும். எதிர் எதிராக ஜன்னல் இருக்கிறதா? ஈரப்பதமான வெப்பப் பகுதியில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும் என்பது விதி, வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரே பக்கம் எவ்வளவு ஜன்னல் வைத்தாலும் காற்று ஓடாது. வராந்தா பக்கச் சுவரில் உயரத்தில் ஜாலி (துளையுள்ள கட்டி) வைத்தால் சூடான காற்று வெளியேறும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டின் காண்டோ கிராமத்தில் 2001இல் கட்டிய ஒரு ஆரம்பப் பள்ளியை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அதே ஊரில் பிறந்த ஃபிரான்சிஸ் கெரே வடிவமைத்தது. மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்த கல், ஊர்க்காரர்களின் உழைப்பு. தகரக் கூரையை வகுப்பின் மேலேயே வைக்காமல் துளையுள்ள உள்கூரைக்கு மேல் நன்றாகத் தூக்கி நிறுத்தினார், நடுவில் காற்று ஓடிச் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. பின்னாளில் அவருக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் 2022இல் கிடைத்தது. நம் ஊரில் தகர ஷீட் போட்ட வகுப்பறை எத்தனை இருக்கிறது! அவற்றின் மேலே இன்னொரு கூரையை இடைவெளி விட்டு நிறுத்துவதற்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

கேள்வி: புது வகுப்பறை பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் நான் பேசுவது எனக்கே எதிரொலிக்கிறது. சாயங்காலம் தொண்டை கட்டிவிடுகிறது.
– ஆசிரியர், சேலம்

தரை டைல்ஸ், சுவரில் இடுப்பளவு டைல்ஸ், மேலே வெறும் கான்கிரீட். ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. அமெரிக்கத் தரவிதி ஒன்று வகுப்பறையில் ஒலி அடங்க 0.6 வினாடிக்கு மேல் ஆகக் கூடாது என்கிறது. பின்சுவரில் முழுக்க மென்பலகை அடித்துப் பிள்ளைகளின் ஓவியங்களை ஒட்டுங்கள், கூரையின் ஒரு பகுதியில் மரநார்ப் பலகை பொருத்தச் சொல்லுங்கள், பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் போடுங்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை என்று நினைத்திருப்போம், பல சமயம் அவனுக்குக் கேட்டே இருக்காது.

கேள்வி: திருட்டுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கிரில், மாடிப்படிக்கு இரும்பு கேட், பகலிலும் பூட்டு. இது சரியா?
– பெற்றோர், கும்பகோணம்

சரியில்லை. உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி, 94 குழந்தைகள் போனார்கள். கீற்று, ஒடுக்கமான படிக்கட்டு, வெளியேற வேறு வழி இல்லாத மாடி. கீற்று போய்விட்டது, மற்ற இரண்டும் இன்னும் பல பள்ளிகளில் கான்கிரீட்டில் இருக்கின்றன. பள்ளி நேரத்தில் எந்தப் படிக்கட்டும் பூட்டப்படக் கூடாது. ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு வழி வேண்டும், வகுப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், கிரில்லில் ஒரு பகுதி உள்ளிருந்தே திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். பூட்டைப் பள்ளி விட்ட பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் பள்ளிக் கழிப்பறைச் சுவர் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. சொன்னால், "லீவில் பார்த்துக்கலாம்" என்கிறார்கள்.
– பிளஸ் ஒன் மாணவி, ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்

லீவு வரை காத்திருக்கக் கூடாதம்மா. 2021 டிசம்பர் 17ஆம் தேதி நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அடித்தளம் இல்லாமல் மேலாக எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர், மழையில் அடிமண் இளகினால், எப்போது வேண்டுமானாலும் போகும். நீயும் உன் தோழிகளும் அந்தப் பக்கம் போகாதீர்கள். நாளைக் காலையில் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சுவரின் உயரம் எவ்வளவோ அதைவிடக் கூடுதலான தூரத்துக்குச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லுங்கள். அன்றைக்கே கட்டவில்லை என்றால் அந்த நகலோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அப்பாவை அனுப்பு.